பழைய ஓனர் செய்த வேலை

என் மாமா வாங்கி வந்த டிரம் செட்டில் ஒரு கதவு இருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மின் பக்கவாட்டில், ஒரு சாண் அகலத்துக்கு மரத்தை அறுத்து, கீல் வைத்து, சமையலறை அலமாரிக்குப் போடுவதுபோல ஒரு கொக்கியும் போட்டிருந்தார்கள். திறந்தால் உள்ளே அந்துருண்டை வாசனை அடித்தது. டிரம்முக்குள் போகவும் வரவும் யாருக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

அப்போது நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு டாங்கி செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. எனக்கு ஒன்பது வயது. மாமா என்பது அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் ஒரு பட்டறையில், தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினில் ஆறு வருடம் வேலை பார்த்தவர், ஒரு நாள் யாரிடமும் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுவாரமே, கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்த டிரம் செட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசிய பேச்சுக்கு அந்த மூன்று நாளே தேவலாம்.

செட்டுக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது என்றார் மாமா. வெள்ளைக்காரன் நாட்டுச் சரக்காம். பூந்தமல்லியில் கலைந்துபோன ஒரு பேண்டு குழுவின் சாமான்களோடு கிடந்ததாம். அதற்கு முன்னால் எத்தனை பேரிடம் இருந்ததோ தெரியாது. ஆனால் வைத்திருந்த ஒவ்வொருவரும் சும்மா இருக்கவில்லை என்பது மட்டும் பார்த்தாலே தெரிந்தது. கம்பெனியின் பெயர்த் தகட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஏதோ தையல் மெஷினின் பித்தளைத் தகட்டைத் திருகி வைத்திருந்தார்கள். பெரிய டிரம்மின் கால்களில் ஒன்று சீலிங் ஃபேன் ராடு. தாளத் தட்டு நின்றது ஒரு குடைக் கம்பியின் மேல். ஒரு சின்ன டிரம்மின் உள்பக்கம் முழுக்க தினசரி காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. நான் தலையை உள்ளே விட்டுப் படித்துப் பார்த்தேன். அத்தனையும் வெள்ளிக்கிழமை.

நான் ரஃப் நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'என்ன' என்றும் மறுபக்கம் 'ஏன்' என்றும் எழுதிப் பட்டியல் போட்டேன். மேலே 'பழைய ஓனர் செய்த வேலைகள்' என்று தலைப்பு. 'என்ன' பக்கம் சுலபமாக நிரம்பியது. 'ஏன்' பக்கத்துக்கு மாமாதான் துணை.

"கதவு இன்னாத்துக்கு மாமா?"

"பொண்டாட்டியோட சண்ட போட்டுகினு ஊட்ட உட்டு வந்திருப்பான். சட்ட துணிய எங்க வெப்பான்? அதான்."

"வெள்ளிக்கிழம தாளு?"

"வாசிக்கறவன் பக்தன் போல."

பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி திணித்திருந்தது. திணித்தது மட்டுமில்லை, சாக்கு ஊசியால் தைத்து வேறு வைத்திருந்தார்கள். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்பதற்காக இருக்கும் என்றார் மாமா. சத்தம் கேட்கக்கூடாது என்று நினைக்கிறவன் எதற்கு டிரம் வாங்கினான் என்று நான் கேட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் அப்படியெல்லாம் சிரிப்பு மூட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே எனக்குக் குழப்பம்.

ஆறு வரி எழுதி முடித்து ஒரு மாதம் போலக் கழித்து ஏழாவதைப் பார்த்தேன். பெரிய டிரம்மின் விளிம்பிலிருந்து, மாமா உட்கார்ந்து வாசிக்கிற இரும்பு ஸ்டூல் வரைக்கும், தரையை ஒட்டினாற்போல ஓர் இரும்புப் பட்டை. இரண்டு முனையிலும் போல்ட்டு போட்டு இறுக்கியிருந்தது. இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை ஒரு மாதமாகப் பார்க்காமல் விட்டோமே என்று எனக்கு என் மேலேயே கோபம். செட்டில் எல்லாமே துருப்பிடித்திருக்க, அந்த இரண்டு போல்ட்டு மட்டும் பளபளவென்று இருந்தன. அதையும் விடாமல், 'ஸ்டூலோடு இரும்புப் பட்டை, புது போல்ட்டு' என்று எழுதிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டபோது, மாமா மற்றதற்கெல்லாம் விட்ட மாதிரி கதை விடவில்லை.

"பழைய ஓனர் பண்ணது. அத்த தொடாத பாப்பா."

அவ்வளவுதான். ஏழாவது வரியில் 'ஏன்' பக்கம் காலியாகவே இருந்தது.

மாமாவே எனக்கு அந்த வயதில் பெரிய குழப்பம். அம்மா சமையலறையிலிருந்து நாலு தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். "திமிரப் பாரு, கூப்டா என்னான்னு ஒரு வார்த்த கேக்குதா" என்று அம்மா கரண்டியோடு வந்து எதிரில் நின்ற பிறகுதான், "இன்னாக்கா?" என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்பார். அதே மாமா, மொட்டை மாடியில் வெறுங்காலோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தி, "அரக்கோணம் வண்டி வருது" என்பார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து உண்மையாகவே குவார்ட்டர்ஸ் பின்னால் ரயில் போகும். மாமாவுக்குப் பாம்புக் காது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அம்மா சொல்வது சரியா, நான் சொல்வது சரியா என்பதுதான் பிடிபடவில்லை.

புரட்டாசியில் மாமாவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டோரம் ஒரு லாரி ஷெட்டில் ஆயுத பூஜைக்கு மெல்லிசைக் கச்சேரி. வழக்கமாக டிரம்ஸ் வாசிக்கிறவர் துபாய்க்குப் போய்விட்டார். குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர், இந்தக் கச்சேரியை ஒழுங்காக வாசித்தால் நிரந்தரமாகவே சேர்த்துக்கொள்கிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். அது இல்லாவிட்டால் தீபாவளி முடிந்ததும் அப்பாவின் தொழிற்சாலையில் காண்டிராக்டில் ஹெல்பராகப் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமாவுக்கு மறுபடியும் மெஷின் பக்கம் போக இஷ்டமே இல்லை. அந்தப் பேச்சு வந்தாலே சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவார். அதனால் பத்து நாளாக மொட்டை மாடியில் ஒரே சாதகம். கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டூலில் அழுத்தி உட்கார்ந்துகொண்டு வாசிப்பார். பெரிய டிரம்மில் அடி விழும்போதெல்லாம் ஸ்டூலும் சேர்ந்து அதிரும். கடிகாரம் தப்பினாலும் அவர் தாளம் தப்பாது என்று கீழ் வீட்டு மாமியே சொன்னார்கள். அதை மாமி பாராட்டாகச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

ஆயுத பூஜையன்று எங்கள் குவார்ட்டர்ஸைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் முதல் நாளே மெஷின்களுக்கெல்லாம் பூஜை போட்டு முடித்துவிடுவார்கள். அந்தச் சூடு ஆறாமல் மறுநாள் வீட்டில் கை வைப்பார்கள். சைக்கிள், தையல் மெஷின், கிரைண்டர், அரிவாள்மனை எதையும் விடுவதில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, ஆடுகிறதை இறுக்கி, அதற்குப் பிறகுதான் சந்தனமும் குங்குமமும். அழுக்கான சாமானுக்குப் பொட்டு வைத்தால் அது அப்பாவுக்குச் சாமி குற்றம்.

மாமா காலையிலேயே மேடை வேலைக்காக நசரத்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார். செட்டை சாயங்காலம் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் வருவதாக ஏற்பாடு. அவர் தெரு முனையைத் தாண்டியதும் அப்பா மொட்டை மாடிக்கு வந்து, இடுப்பில் கை வைத்து டிரம் செட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இந்தக் கோலத்துல மேட ஏறுனான்னா மானம் பூடும். வாங்கனவன்லாம் கண்டபடி கைய வச்சுக்கிறானுங்க. பாப்பா, நீ ஏதோ நோட்டுல எழுதி வச்சுகினு கீறியே, அத்த எடுத்துகினு வா."

என் பட்டியலுக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்பா அதைத் தொழிற்சாலையில் தருகிற ஜாப் கார்டு மாதிரி சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, டூல் பாக்ஸைத் திறந்தார். நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் வேலையை முடித்து முடித்துக் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து டிக் போட்டார். கதவை மூடி, ஸ்க்ரூ அடித்து, இடுக்குகளை மக்கு வைத்து அடைத்துத் தேய்த்தார். தையல் மெஷின் தகடு போனது. ஃபேன் ராடு போய், மற்ற கால்களின் அளவுக்கே வெட்டிய குழாய் வந்தது. கம்பளியைத் தையல் பிரித்து வெளியே இழுத்துப் போட்டு, "இப்ப அடிச்சான்னா பூந்தமல்லி வரைக்கும் கேக்கும்" என்றார். மச்சானுக்காக அப்பா அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. மாமாவிடம் அவர் அதிகம் பேசியதுகூட இல்லை. அன்றைக்கு முழுக்க அவர் பேச நினைத்ததையெல்லாம் ஸ்பானரால் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழாவதுக்கு வந்தார்.

"இது இன்னாத்துக்கு? டிரம்மையும் ஸ்டூலையும் கட்டிப் போட்டு வச்சுக்கிறான்? எவனாவது ஒண்ண மட்டும் தூக்கிகினு பூடுவான்னு பயந்துட்டானா?"

மாமா தொடாதே என்று சொன்னது எனக்கு அப்போது நன்றாக ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என்னைத்தானே தொடாதே என்றார், அப்பாவை இல்லையே என்று ஒரு கணக்கு ஓடியது. அதைவிட, ஆறு டிக் விழுந்த பட்டியலில் ஏழாவது மட்டும் மொட்டையாக நின்றால் நன்றாக இருக்காது என்று பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா போல்ட்டுகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். போன மாதம் அவர் டூல் பாக்ஸில் இரண்டு போல்ட்டு காணாமல் போய், வீட்டையே தலைகீழாகப் புரட்டியிருந்தார்.

"அட, நம்மகிட்ட தொலைஞ்ச அதே சைசு" என்று மகிழ்ந்து, அவற்றை டூல் பாக்ஸில் காலியாக இருந்த இடத்திலேயே போட்டு மூடினார். எங்களில் ஒருவருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. இரும்புப் பட்டை கெட்டியாக இருந்ததால் அதை வீணாக்க மனமில்லாமல், பால்கனிச் சுவரில் அடித்துத் துணிக்கொடி கட்டினார். ஏழாவது டிக்கையும் போட்டார். பிறகு நான் டிரம்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தேன். நோட்டையும் என் பாடப் புத்தகங்களோடு சேர்த்துப் பூஜையில் வைத்துவிட்டோம்.

லாரி ஷெட்டில் சிமென்டுத் தரையிலேயே ஜமக்காளம் விரித்து மேடை ஆக்கியிருந்தார்கள். சுற்றிலும் வாழைக்கன்று கட்டிய லாரிகள். பூசணிக்காய் உடைத்த இடத்தில் குங்குமம் சிதறிக் கிடந்தது. டிரைவர்களும் கிளீனர்களும் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். செட்டை இறக்கி, மேலே போட்டிருந்த பழைய போர்வையை அப்பா தானே விலக்கினார். திருஷ்டி படுகிற அளவுக்கு மின்னியது. குழுவில் இருந்தவர்களெல்லாம் கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

மாமாவும் பார்த்தார். அவர் கண் முதலில் தரைக்குப் போனது. குனிந்து ஸ்டூலின் காலைத் தடவினார்.

"அந்தப் பட்ட எங்க பாப்பா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்பா கழட்டி கொடி கட்டிட்டாரு மாமா! ஏழும் சரி பண்ணியாச்சு!"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நானும் பார்த்தேன். பரிசு வாங்கப் பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் பிள்ளையின் முகம்போல இருந்தது.

"சூப்பரா கீது மாமா" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் பாட்டு மெதுவான சாமி பாட்டு. மாமா கண்ணை மூடவே இல்லை. கீபோர்டுக்காரரின் தோளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வாசித்தார். இரண்டாவது, வேகமான குத்துப்பாட்டு. ஜெனரேட்டர் இரைச்சல், ஸ்பீக்கர் அலறல், கூட்டத்தின் விசில். கீபோர்டுக்காரர் பாடுகிறவர் பக்கம் திரும்பிக்கொண்டதால் மாமாவுக்கு அவர் தோள் மறைந்துவிட்டது. பாதியில் பாட்டு ஒரு பக்கம் ஓட, டிரம்ஸ் ஒரு பக்கம் ஓடியது. கிடார்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். மாமா வெறுங்காலைத் தரையில் அழுத்தி அழுத்தி வைத்துப் பார்த்தார். கடைசியில் பாட்டு முடிந்து எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மாமா நிறுத்தவில்லை. அத்தனை பேர் அமைதியாக இருக்க, அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஏழெட்டு அடி அடித்துக்கொண்டே போனார்.

டிரைவர்கள் ஆரவாரம் செய்தார்கள். மாமா தனியாக வித்தை காட்டுகிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்று கை தட்டினேன். அந்த ஷெட்டில் அதிகம் கை தட்டியது நான்தான். கீபோர்டுக்காரர் முகம் மட்டும் ஏன் அப்படிப் போனது என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு எலெக்ட்ரானிக் பேடு வாசிக்கிறவரே கச்சேரியை ஓட்டினார். கீபோர்டுக்காரர் இடையில் அப்பாவிடம் வந்து தன்மையாகத்தான் சொன்னார்.

"தாளம் நிக்கல சார். டிரம்ஸ் ஓடிச்சின்னா மொத்த குழுவும் பின்னாலயே ஓடிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஊட்ல நல்லாத்தானே வாசிச்சான்" என்றார் அப்பா. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எல்லாவற்றையும் அளவாகச் சரி செய்த பிறகு ஒரு சாமான் எப்படிக் கெட்டுப்போகும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும்.

"செட்டு மேல குறையே இல்ல மாமா. எனக்குத்தான் இன்னிக்கு கை ஓடல" என்றார் அவர்.

திரும்பும்போது அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாமாவும் நானும் பின்னால் டிரம்களோடு உட்கார்ந்தோம். வழியெல்லாம் மாமா பெரிய டிரம்மின் தோலில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டே வந்தார். தனியாக வாசித்தது ரொம்ப நன்றாக இருந்தது என்று நான் இரண்டு தரம் சொன்னேன். அவர் கண் டிரம்மிலேயே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், "வண்டி இஞ்சின்ல ஏதோ கோளாறு கீது பாப்பா, அடி மாறி மாறி உழுது" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. பாம்புக் காது என்பது எவ்வளவு உண்மை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி கழித்து மாமா காண்டிராக்ட் வேலைக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து தொழிற்சாலையில் நடந்த மருத்துவ முகாமில் அவர் காதைச் சோதித்தார்கள். பிரஸ் மெஷினில் நின்ற காலத்திலேயே முக்கால்வாசி போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அன்று அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பால்கனியில் போய் நின்றார். அந்த இரும்புப் பட்டையைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றார். மழை வருமா என்று பார்க்கிறார் என நினைத்து அம்மா அவசரமாகத் துணிகளை எடுத்தார்கள். மாமாவும் அப்பாவும் அதைப் பற்றி எப்போதாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. போல்ட்டு இரண்டும் டூல் பாக்ஸில் அதே இடத்தில்தான் கடைசி வரை இருந்தன.

இதெல்லாம் பிற்பாடு. கச்சேரிக்கு மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த நோட்டுகளை எடுத்து, காலையில் முதல் காரியமாக ஏதாவது எழுத வேண்டும். அன்று எழுதுவது மனதில் நன்றாகப் பதியும் என்று அம்மா சொல்வார்கள். நான் கணக்கு நோட்டைத் தொடவில்லை. சந்தனப் பொட்டோடு இருந்த ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். மாமா துணிக்கொடிக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"இது ஒண்ணுதான் பாக்கி மாமா. அந்தப் பட்டைய பழைய ஓனர் இன்னாத்துக்கு வச்சாரு?"

மாமா என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவன் ஒரு லூசு பாப்பா" என்றார்.

"அப்படியே எழுதட்டா?"

"எழுது."

விஜயதசமி என்பதால் எழுத்துக்களை உருட்டி உருட்டி, 'அவர் ஒரு லூசு' என்று எழுதினேன். மாமா நோட்டை வாங்கி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏழு வேலை, ஏழு காரணம், ஏழு டிக். கீழே இரண்டு கோடு போட்டேன்.

அவர் காலி டம்ளரோடு எழுந்து உள்ளே நடந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து அவருக்கே கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. உனக்கு இது வேணுமா மாமா என்று பின்னாலிருந்து கேட்டேன். அவர் திரும்பவில்லை. வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.